ஸஹர் சாப்பிட்ட வெறும் வயிறு

கிண்ணியா
18.03.2025

செல்வி கீர்த்தனி அவர்களுக்கு,

இந்தக் கடிதம் உங்கள் சுகாதாரத் திட்ட அலுவலகத்துக்கு வருகிறது. அதனால் ‘நீங்கள்’. மரியாதை என்று நினைக்க வேண்டாம்.

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு என் முன்பள்ளிக்கு வந்தீர்கள். நாங்கள் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வரக்கூடிய பெண்களுக்கு ஒரு வகுப்பு, வகுப்புக்கு முன்னால் விரலில் குத்தி இலவசப் பரிசோதனை. வெயில் ஏற முன் முடித்துவிடலாம் என்றீர்கள். வீடு வீடாகப் போய்ப் பெண்களைக் கூட்டி வந்தவள் நான். கேற்றில் நின்று ஆட்களை உள்ளே விட்டுக்கொண்டிருந்தபோது நீங்கள் உள்ளே சொன்னதைப் பிறகுதான் கேள்விப்பட்டேன்.

“நோன்பு காலம் நல்ல வசதி. எல்லாரும் வெறும் வயிறுதானே.”

ஒரு வயதான மனுஷி கேட்டிருக்கிறா: “மகள், நாங்க ஸஹருக்குச் சாப்பிட்டுத்தானே வந்திரிக்கம்?”

அதற்கு நீங்கள்: “பரவாயில்லை அம்மா, அது இரவுச் சாப்பாடுதானே.”

ஸஹர் இரவுச் சாப்பாடு இல்லை. நோன்பு பிடிக்க முன் விடியப்புறம் சாப்பிடுவது. அன்று எல்லோரும் நாலரை மணிக்குச் சாப்பிட்டார்கள். சோறு, தயிர், வாழைப்பழம், அதற்கு மேல் சீனி. பகல் முழுக்கத் தாங்க வேண்டும் என்று வயிறு முட்ட. இரண்டரை மணித்தியாலம் கழித்து நீங்கள் குத்தினீர்கள்.

பிறகு ஒவ்வொரு எண்ணையும் சத்தமாக வாசித்தீர்கள், வகுப்பில் பிள்ளைகளுக்குப் புள்ளி வாசிப்பது போல. என் கணவர் ஹஸனின் தங்கை அம்ரா. எண் நூற்றி ஐம்பத்தொன்று. “வெறும் வயிற்றில் இவ்வளவு என்றால் நீரிழிவு” என்றீர்கள். அம்ராவுக்கு இருபத்திமூன்று வயது. பெருநாளைக்குப் பிறகு கலியாணம். மாப்பிள்ளை நிப்றாஸின் சின்னம்மா முறையான சாச்சி மூன்றாவது வரிசையில் இருந்தா.

நேற்று மருத்துவமாதுவிடம் கேட்டேன். “சாப்பிட்டு ரெண்டரை மணித்தியாலத்தில அப்பிடி ஏறும்தான். அதை வச்சு வருத்தம் எண்டு சொல்ல ஏலாது. யார் சொன்னது?” என்றா. உங்கள் பெயரைச் சொன்னேன்.

எனக்கு வேண்டியது ஒன்று. அதே இடம். அதே பெண்கள். அவர்களுக்கு முன்னால் நின்று, பிழை என்னுடையது என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும்.

உங்கள் நம்பரைப் போனில் தடுத்து வைத்திருக்கிறேன். பதில் இருந்தால் எழுதுங்கள்.

பஸ்மியா ஹஸன்


ஓர்ஸ் ஹில்
24.03.2025

பஸ்மியா,

பல்கலைக்கழக விடுதியில் மூன்று வருடம் ஒரே அறை. இப்போது ‘செல்வி கீர்த்தனி அவர்களுக்கு’. சரி. நான் ‘நீ’ என்றே எழுதுகிறேன். பழக்கம். வேறொன்றும் இல்லை.

நேரம் பிழைத்தது. ஒப்புக்கொள்கிறேன். உன்னிடம். இந்தத் தாளில்.

அந்தப் பெண்களுக்கு முன்னால் சொல்ல மாட்டேன்.

ஸெய்னுதீன் நானாவின் மனைவியை உனக்குத் தெரியும். இரண்டு பிள்ளைப்பேற்றிலும் சீனி ஏறியவள். அவளுடைய தாய்க்கும் இருந்தது. வகுப்பு முடிந்து என்னிடம் வந்தாள். “மிஸ், நான் தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போடுற. இனி ஒண்டு” என்றாள். பின்னேரத்தில் நடப்பதற்குத் துணைக்கு ஆளும் பிடித்துவிட்டாளாம். அவளுக்கு நோய் இன்னும் வரவில்லை. வராமல் வைத்திருக்கலாம். தட்டில் இருப்பதை மாற்றி, கொஞ்சம் நடந்தால். என் வேலை முழுவதும் அந்த ‘இன்னும்’ என்ற சொல்லுக்குள்தான் இருக்கிறது.

நான் எழுந்து நின்று பிழை என்றால் அவள் என்ன கேட்பாள்? அளந்த நேரம் பிழை என்று கேட்க மாட்டாள். எல்லாம் பிழை என்று கேட்பாள். பாதிப் பிழையை யாரும் கேட்பதில்லை. அன்று பின்னேரமே மூன்று கரண்டி.

எங்கள் பொறுப்பாளர் குலசிங்கம் சேரும் வேண்டாம் என்கிறார். அவருடைய காரணம் அலுவலகத்தின் பெயர். அது எனக்குப் பெரிதில்லை. என்னுடைய காரணத்தை மேலே எழுதிவிட்டேன்.

பெருநாளைக்குப் பிறகு அம்ராவை அனுப்பு. எட்டு மணித்தியாலம் ஒன்றும் சாப்பிடாமல். திரும்பப் பார்த்துத் தாளில் எழுதித் தருகிறேன்.

கலியாணம் தள்ளிப்போகலாம். ஒரு கால் போனால் போனதுதான். உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.

கீர்த்தனி


கிண்ணியா
03.04.2025

கீர்த்தனி,

பெருநாள் முடிந்தது. ‘நீங்கள்’ முடிந்தது.

“உனக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை.” அந்த வரியை எழுத எவ்வளவு நேரம் எடுத்தாய்? என் உம்மாவின் வெட்டிய காலைக் கொண்டுவந்து கடிதத்தின் கடைசியில் வைத்திருக்கிறாய். ஆமினா உம்மா விடுதிக்கு எனக்குச் சாப்பாடு கட்டும்போது உனக்கும் ஒரு பொட்டலம் கட்டியவ. மீன் வேண்டாத வெள்ளிக்கிழமைக்குப் பருப்பு வேறாக. உன் விரதம் எந்த நாள் என்று அவவுக்குத் தெரியும்.

பெருநாள் பின்னேரம் நிப்றாஸ் வீட்டார் வந்தார்கள். சாச்சி முன்னுக்கு. இனிப்புக்கு வட்டிலப்பம் வைத்தோம். சாச்சி இரண்டு துண்டு சாப்பிட்டா. வாயைத் துடைத்துக்கொண்டு அம்ராவைப் பார்த்து, “நீங்க தொடாதீங்க புள்ள, உங்களுக்குக் கூடாது” என்றா. அவ்வளவு அன்பாக. போகும்போது ஹஸனிடம், கலியாணத்தை ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பிறகு பார்ப்போம் என்றார்கள். எந்த வருடத்து ஹஜ்ஜுப் பெருநாள் என்று சொல்லவில்லை.

அம்ரா இப்போது சோறு தொடுவதில்லை. பழம் இல்லை, பால் இல்லை. கீரையும் தண்ணீரும். அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று தன் காலைப் பார்க்கிறாள். முதலில் ஒன்று, பிறகு மற்றது. வருத்தம் இல்லாத பிள்ளை.

உன் தட்டுப் படத்தை நான் மறக்கவில்லை. பாதி மரக்கறி, ஒரு துண்டு தவிட்டுப் பாண், ஓர் அப்பிள். யார் வீட்டுத் தட்டு அது? அந்த வயதான மனுஷி கேட்டாவே, “தட்டுல மீனக் காணல்லியே மகள், புடிக்கப் போனவங்க இன்னும் வரல்லியா?” எல்லோரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அடுத்த படத்துக்குப் போனாய்.

நேரம் பிழைத்தது என்கிறாய். அது சின்னது. என் கோபம் வேறு.

மூன்று வருடம். மூன்று நோன்பு. உன் கட்டிலுக்கும் என் கட்டிலுக்கும் நடுவில் ஒரு மேசை. விடிய நாலு மணிக்கு என் அலாரம் அடிக்கும். நீ தலையணையை எறிவாய். நான் லைற் போடாமல் நிலத்தில் குந்தியிருந்து பேக்கரிப் பாணும் வாழைப்பழமும் தின்பேன், உன் தூக்கம் கெடாமல். கை நீட்டினால் தொடும் தூரத்தில் ஒருத்தி மூன்று வருடமாக விடியப்புறம் சாப்பிட்டாள். உனக்கு அது தெரியாது. பகலில் நான் சாப்பிடாதது மட்டும் தெரியும். கன்ரீனில் எல்லோருக்கும் சொல்வாயே, “பஸ்மியா பாவம், வெறும் வயிறு” என்று. அந்த வெறும் வயிற்றைத்தான் மெஷினோடு தூக்கிக்கொண்டு கிண்ணியாவுக்கு வந்தாய்.

ஸெய்னுதீன் நானாவின் மனைவியைக் காப்பாற்ற அம்ராவை விட்டுவிடுகிறாய். ஒருத்திக்கு ஒருத்தி. நல்ல வேலை. இதற்குச் சம்பளமும் தருகிறார்கள்.

பஸ்மியா


பாலையூற்று
09.04.2025

பஸ்மியா,

வீட்டிலிருந்து எழுதுகிறேன். அலுவலகத் தாள் இல்லை.

நான் தூங்கவில்லை.

பாண் பை சரசரக்கும். நீ அதை மெதுவாகப் பிரிக்கப் பார்ப்பாய், அதனால் சத்தம் இன்னும் நீளும். வாழைப்பழத் தோலைக் கடதாசியில் சுற்றுவாய். எல்லாம் கேட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கிடந்தேன். கண் திறந்தால் கதைக்க வேண்டும். எனக்குத் தூக்கம் பெரிதாக இருந்தது.

ஆக, தெரியும். அறையில் தெரியும். திட்டத்தின் கால அட்டவணையில் ‘வெறும் வயிறு’ என்று எழுதியபோது அந்தப் பாண் பை நினைவுக்கு வரவில்லை. ஏன் என்று யோசிக்கிறேன். யோசித்து ஒன்றும் வரவில்லை. இதை மன்னிப்பாக எடுக்காதே. இது விபரம்.

நேற்று அம்ரா வந்தாள். உனக்குத் தெரியாது என்றாள். முதல் பஸ்ஸில் பாலம் கடந்து தனியாக. அலுவலகம் திறக்க முன்னமே வாசற்படியில் இருந்தாள். துறைமுகத்தில் நின்ற கப்பலைக் காட்டி, இது எந்த நாட்டுடையது மிஸ் என்று கேட்டாள். பிறகு கேட்டாள்: “ராத்திரி எட்டு மணிக்குக் கீரை சாப்பிட்ட. பொறகு ஒண்டுமில்ல. இது சரியான வெறும் வயிறா?”

எண்பத்தாறு.

எழுதிக் கொடுத்தேன். கீரையையும் தண்ணீரையும் விட்டுச் சோறு சாப்பிடச் சொன்னேன். தாளை நாலாக மடித்தாள். “இதக் கொண்டு போய் என்ன செய்ற மிஸ்?” என்றாள்.

இனி உன் பக்கம்.

அன்று பெயர் கூப்பிட்டவள் நான். “பஸ்மியா ஹஸன்” என்று கூப்பிட்டேன். நீ கேற்றிலிருந்து உள்ளே வந்தாய். பாய் விரிக்க வந்து மூலையில் நின்ற அம்ராவின் தோளைப் பிடித்து, உனக்குப் போட்ட கதிரையில் இருத்தினாய். “இவக்குப் பாருங்க மிஸ், நான் பொறகு” என்றாய். பிறகு நீ வரவே இல்லை. அந்த வகுப்பு அம்ராவுக்கு இல்லை. மெலிந்த பிள்ளை, அவள் குடும்பத்தில் யாருக்கும் இல்லை. அந்த வகுப்பு உனக்கு. உன் உம்மாவுக்கு இருந்தது. உன் மகன் வயிற்றில் இருந்தபோது உனக்கும் ஏறியது, நீயே போனில் சொல்லி அழுதாய். உம்மாவின் கால் விரலை எடுத்த அன்றும், பிறகு பாதத்தை எடுத்த அன்றும் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வெளியே நிலத்தில் நானும்தான் படுத்தேன். அது நினைவிருக்கிறது அல்லவா.

அந்த நூற்றி ஐம்பத்தொன்றை நான் வாசித்தேன். அதை அவள் விரலுக்குக் கொண்டுபோனவள் நீ.

ஒரு பேரம். நான் வருகிறேன். அதே பெண்களுக்கு முன்னால் சொல்கிறேன், பிழை என்னுடையது, அம்ராவுக்கு ஒன்றும் இல்லை என்று. சொல்லி முடித்த அதே நிமிடம் நீ அந்தக் கதிரையில் இருந்து விரலை நீட்ட வேண்டும். என்னோடு சண்டை பிடித்தவளே நீட்டினால் மற்றவர்கள் எழுந்து போக மாட்டார்கள். எனக்கு வேறு வழி தெரியவில்லை.

மாட்டாய் என்றால் நானும் வர மாட்டேன்.

கீர்த்தனி


கிண்ணியா
17.04.2025

கீர்த்தனி,

அம்ராவின் தாளை ஹஸன் கொண்டுபோய் நிப்றாஸ் வீட்டில் கொடுத்தார். சாச்சி கண்ணாடி போட்டு வாசித்தா. மறுபக்கமும் திருப்பிப் பார்த்தா. “தாள் நல்லாத்தான் இரிக்கி தம்பி. ஆனா நான் காதால கேட்டது வேற” என்றா. ஹஸன் தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டார். அவர் அப்படி எழும்பி வருகிற ஆள் இல்லை.

வாயால் சொன்னதை வாயால்தான் எடுக்க வேண்டும். நான் முதல் கடிதத்திலேயே எழுதினேன். ஒரு மாதம் வீணாக்கினாய். அந்த மாதத்தில் அந்தப் பிள்ளை எவ்வளவு மெலிந்தது என்று உன் வாசற்படியில் நீயே பார்த்திருப்பாய்.

தூங்கவில்லை என்கிறாய். தூங்கினாய் என்று நினைத்தபோது எனக்கு இவ்வளவு கோபம் இருக்கவில்லை.

ஓம். அம்ராவை நான்தான் இருத்தினேன்.

மகன் பிறந்து ஆறு கிழமையில் திரும்ப வந்து சீனி பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி விட்டார்கள். மகனுக்கு இப்போது நாலு வயது. போகவில்லை. ஏன் என்று கேட்பாய், உன் படங்களில் அதற்கு ஒரு படம் இருக்கும், ‘பெண்கள் பரிசோதனைக்கு வராததற்கான காரணங்கள்’ என்று. தூரம், வேலை, பிள்ளைகள், அறியாமை. ஒன்றும் இல்லை. உம்மா பரிசோதித்துப் பார்க்கும் வரை இரண்டு காலில் நடந்தா. வயலுக்குப் போனா, கலியாண வீட்டுக்குப் போனா. ஒரு நாள் பார்த்தார்கள். அன்றிலிருந்து மருந்து, புண், விரல், பாதம். பார்த்ததால் வந்தது இல்லை என்று எனக்குத் தெரியும். நானும் உன்னோடு படித்தவள்தான். பாடம் எடுக்காதே. தெரிந்தும் கால் அந்த வாசலுக்குப் போகவில்லை. அவ்வளவுதான்.

பேரத்துக்குச் சம்மதம். உன்னை நம்பி இல்லை. அம்ராவுக்காக.

ஆனால் ஒன்று. நீ இன்னும் விளங்கிக்கொள்ளாத பிழை ஒன்று இருக்கிறது. எண் பிழையாக இருந்தது ஒரு பக்கம். சரியான எண் என்றாலும் அதைச் சத்தமாக வாசிக்க நீ யார்? அந்தப் பிள்ளையின் இரத்தம் அது. நாளைக்கு எங்கள் தெருவில் யாருக்கும் உண்மையாகவே இருக்கலாம். அவளும் சாச்சிமார்களுக்கு முன்னால் அதைக் கேட்க வேண்டுமா? கூட்டிக்கொண்டு வந்த நானே வெட்கப்பட்டேன். என் எண்ணை நீ வாசிக்கக் கூடாது. மெஷினை என் பக்கம் திருப்பு. நான் பார்ப்பேன். சொல்வதா இல்லையா என்பது என் வாய்.

பஸ்மியா


ஓர்ஸ் ஹில்
24.04.2025

பஸ்மியா,

மே மூன்று. சனிக்கிழமை. காலை ஏழு மணி. உன் முன்பள்ளி.

முந்தின இரவு ஒன்பது மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும். விடிய ஸுபஹ் தொழுதுவிட்டுத் தேத்தண்ணியும் குடிக்கக் கூடாது. எல்லோருக்கும் நீயே போய்ச் சொல். இந்த முறை நானும் குத்த முன் ஒவ்வொருவரிடமும் கேட்பேன், எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள் என்று. அப்படித்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

இனி யாருடைய எண்ணும் வாசிக்கப்படாது. ஒவ்வொருவராக, சாக்குத் திரைக்குப் பின்னால். நீ சொன்னது சரி. சரி என்று எழுத எனக்கு ஒரு கிழமை எடுத்தது.

உன்னை மட்டும் திரைக்கு முன்னால் இருத்துவேன். அது பேரம்.

குலசிங்கம் சேருக்குச் சொல்லவில்லை.

கீர்த்தனி


பாலையூற்று
05.05.2025

பஸ்மியா,

நான் சொன்னேன். நீ அங்கேதான் இருந்தாய். “மார்ச் மாதம் நான் அளந்தது பிழையான நேரம். நீங்கள் ஸஹர் சாப்பிட்டதை ஒருவர் எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. அம்ராவுக்கு நீரிழிவு இல்லை.” இவ்வளவும்தான். மூன்றாவது வரிசையில் சாச்சி தலையை ஆட்டிக்கொண்டே இருந்தா. அந்த வயதான அம்மா, “இப்ப விளங்கிச்சா மகள்?” என்றா. விளங்கியது என்றேன்.

பிறகு நீ இருந்தாய். உன் விரல் குளிர்ந்திருந்தது. நீ கேட்டபடி மெஷினை உன் பக்கம் திருப்பி வைத்தேன். பார்த்தாய். நிமிர்ந்தாய்.

“தொண்ணூற்றி நாலு.”

கைதட்டினார்கள்.

அந்த மெஷின் கடைசி அளவை நினைவில் வைத்திருக்கும், பஸ்மியா. அடுத்தவளுக்காகத் திறந்தபோது திரையில் நின்றது. நூற்றிப் பதினெட்டு.

நூற்றிப் பதினெட்டு நீரிழிவு இல்லை. உனக்குப் பயப்பட ஒன்றும் இருக்கவில்லை. அந்த வகுப்பே நூற்றிப் பதினெட்டுக்காரிகளுக்குத்தான். இன்னும் வரவில்லை, வராமல் வைத்திருக்கலாம் என்று சொல்வதற்குத்தான். ஆஸ்பத்திரியில் நாளத்தில் இரத்தம் எடுத்து உறுதி செய்ய வேண்டும். அதற்குப் பிறகு நடை, சாப்பாடு, வருடத்துக்கு ஒரு பரிசோதனை. இவ்வளவும்தான்.

நான் வாய் திறக்கவில்லை. உன் எண். உன் வாய். படித்துக்கொண்டேன்.

ஆனால் நீ கேற்றைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். ஸெய்னுதீன் நானாவின் மனைவி வரிசையில் இருந்து எழும்பினாள். பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்: “ஆமினா உம்மாட மகளுக்கே இல்லயெண்டா எனக்கெங்க வாற?” சிரித்துக்கொண்டு செருப்பைப் போட்டாள். போய்விட்டாள். அவளைத் தொடர்ந்து இன்னும் நாலு பேர்.

அவளைக் காப்பாற்ற அம்ராவை விட்டேன் என்று எழுதினாய். நீ யாரைக் காப்பாற்ற அவளை விட்டாய்?

குலசிங்கம் சேருக்கு யாரோ சொல்லிவிட்டார்கள். என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார். எழுதிக் கொடுப்பேன். உன் எண் அதில் இருக்காது.

கீர்த்தனி


கிண்ணியா
17.05.2025

கீர்த்தனி,

பத்து நாளாக உன் கடிதத்தைக் குசினியில் அரிசி வாளிக்குள் வைத்திருந்தேன். சோறு ஆக்க ஒவ்வொரு நேரமும் எடுத்துப் பார்க்க வேண்டி வந்தது. பிழையான இடம்.

எண்ணைப் பார்த்தபோது நான் உன்னைத்தான் நினைத்தேன். நீ சரி என்று ஆகிவிடுமே என்று. இதை எழுத எனக்குக் கூச்சம் இல்லை. நூற்றிப் பதினெட்டை விட அதுதான் பெரிதாகத் தெரிந்தது. வாய் தானாகச் சொன்னது.

வியாழக்கிழமை ஸெய்னுதீன் நானாவின் வீட்டுக்குப் போனேன். அவள் தேத்தண்ணி ஊற்றினாள். சீனி டின்னைத் திறந்தாள். தனக்கு ஒன்று, இரண்டு, மூன்று. என் கோப்பைக்குக் கரண்டியைக் கொண்டு வந்தபோது கையைப் பிடித்தேன்.

“எனக்குப் போடாத. அண்டைக்கு நான் பொய் சொன்ன. நூத்திப் பதினெட்டு.”

சிரித்தாள். பகிடி என்று நினைத்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் கரண்டி அந்தரத்தில் நின்றது.

“அப்ப உங்களுக்கு இரிக்கா?”

“இல்ல. வர இரிக்கி.”

“அப்ப எனக்கு?”

“எனக்கென்ன தெரியும். நீதானே எழும்பி ஓடின.”

“நீங்க சொன்ன பொய்யாலதானே ஓடின!” என்று கத்தினாள். நன்றாகக் கத்தினாள். உன்னை விட நன்றாக. பிறகு தன் கோப்பையைக் கொண்டுபோய் வெளியே ஊற்றினாள். வீணாக்கியதற்கும் என்னைத்தான் ஏசினாள்.

நான் சொன்னது அவள் ஒருத்தியிடம். அஸர் தொழுகைக்கு முன் தெருவுக்கே தெரியும். சாச்சி அன்று பின்னேரமே வந்துவிட்டா, எனக்கு ஆறுதல் சொல்ல. உட்கார்ந்து பெருமூச்சு விட்டா. அப்படியே அம்ராவின் பக்கம் திரும்பி, மிஸ் சொன்னதைக் காதால் கேட்டுவிட்டேன், இனித் தடை ஒன்றும் இல்லை, ஹஜ்ஜுப் பெருநாள் கழிந்ததும் வைத்துவிடுவோம் என்றா. அம்ரா கதவுக்குப் பின்னால் நிற்கிற பிள்ளை. வெளியே வந்தாள். “சாச்சி, மாப்பிள்ளையும் விரல் குத்திக் காட்டட்டும். எட்டு மணித்தியாலம் ஒண்டும் தின்னாம. பொறகு பாப்பம்” என்றாள். சாச்சிக்குப் புரைக்கேறியது. ஹஸன் எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்று சிரித்தார். நிப்றாஸிடமிருந்து இன்னும் பதில் வரவில்லை. வராவிட்டால் என்ன என்கிறாள். சோறு சாப்பிடுகிறாள்.

உன் தட்டுப் படம் வேண்டாம். முன்பள்ளிச் சுவரில் நான் வேறு வரைந்திருக்கிறேன். பாதிக்கு முருங்கையிலையும் கத்தரிக்காயும். ஒரு பக்கம் மீன், தலையோடு. சோறு ஒரு கோப்பை. அந்த வயதான மனுஷி பார்த்துவிட்டு, மீன் சின்னன் என்றா. இனி இங்கே வகுப்பு வைத்தால் அந்தச் சுவருக்கு முன்னால் வை. உன்னை அனுப்புகிறார்களோ வேறு ஆளையோ, எனக்குத் தெரியாது. குலசிங்கம் சேருக்கு நானும் ஒரு கடிதம் போட்டிருக்கிறேன். உன்னைப் புகழ்ந்து இல்லை. நடந்ததை. பிழை விட்டவள் வந்து நின்று சொன்னாள் என்றும், வேறு யாரும் அப்படி வந்ததை இங்கே நாங்கள் கண்டதில்லை என்றும்.

உன்னை நான் மன்னிக்கவில்லை. அம்ராவின் மார்ச்சும் ஏப்ரலும் திரும்பி வராது. கண்ணை மூடிக் கிடந்த மூன்று வருடமும் அப்படித்தான். நம்பரும் தடுத்தபடிதான் இருக்கிறது.

வருகிற வியாழன் முதல் பஸ்ஸில் நானும் ஸெய்னுதீன் நானாவின் மனைவியும் பெரியாஸ்பத்திரிக்கு வருகிறோம், நாளத்தில் இரத்தம் கொடுக்க. உன்னை வரச் சொல்லவில்லை. வந்தால் கதைக்க வேண்டாம். பக்கத்தில் நில்.

முந்தின இரவு எட்டு மணிக்குச் சாப்பிடுவேன். விடிய நாலு மணிக்கு எனக்கு எப்படியும் முழிப்பு வரும், அந்தப் பழக்கம் போகவில்லை. பாண் பையைத் தொட மாட்டேன். அன்று காலை நான் ஒன்றும் சாப்பிடவில்லை என்பது உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

பஸ்மியா